கலகக்காரிக்கு ஞானஸ்நானம்

காஸ்தெல்மோரோ,
மார்ச் 1931.

(எங்கள் நகர அலுவலகக் கணக்குப்படி இது ஒன்பதாம் ஆண்டு. கறுப்புச் சட்டைக்காரர்கள் ரோமுக்கு நடந்துபோன நாளில்தான் உலகமே தொடங்கியதாம். அதற்கு முன்னால் நானும் உன் அம்மாவும் முட்டைக்குள் இருந்திருக்க வேண்டும்.)

அன்புள்ள மருமகன் வின்திச்சேவுக்கு,

ரொமாஞா நாட்டு மாட்டுச் சந்தைகள் அத்தனைக்கும் முடிசூடா மன்னனும், மூன்று கால் காளையைக் குதிரைப்படைக்கே விற்றுக் காட்டக்கூடிய தரகனும், உன் அம்மா ஆர்ஜியாவின் ஒரே தம்பியுமாகிய செத்திமியோ மாமா எழுதுவது. நான் நலம். லியோன் நகரத்துச் சாயப்பட்டறைப் புகையில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. அங்கே கணவனைப் பார்க்க வரும் ஒரு பெண்ணின் இடுப்புக் கச்சைக்குள் தைக்கப்பட்டு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வருகிறது. அவள் பெயரை எழுத மாட்டேன். உடல்வாகைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன்: அந்தக் கச்சைக்குள் கடிதம் என்ன, ஒரு நூலகமே எல்லை தாண்டலாம், காவலருக்குத் தெரியாது. ஆகவே பயமில்லாமல் எழுதுகிறேன். நீ படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன் அஞ்சலட்டை வந்தது. உறையில்லாத அட்டை என்பதால் தபால்காரர் படித்தார், அவர் மனைவி படித்தாள், படிக்கத் தெரியாதவர்களுக்காக ரொட்டிக்கடையில் உரக்க வாசிக்கவும்பட்டது. கடைசியாகத்தான் அது உன் தங்கை கைக்குப் போனது. “வித்தோரியா என்ற பெயரில் எனக்குத் தங்கை இல்லை. செய்தித்தாளில் கையைத் தூக்கி நிற்பவளைக் கேளுங்கள், என்ன விலைக்கு விற்றாளென்று.” அவ்வளவுதான் எழுதியிருந்தாய். என் வாழ்நாளில் இவ்வளவு குறைந்த சொற்களில் இவ்வளவு பெரிய அடி விழுந்து நான் பார்த்ததில்லை. நானே அடித்திருந்தால் நாற்பது பக்கம் ஆகியிருக்கும்.

அவள் அதை நின்றபடியே படித்தாள். மடித்து மேலாடைப் பையில் வைத்துக்கொண்டு பட்டு ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து யார் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அவள் திரும்புவதில்லை. பழைய பெயருக்கும் இல்லை, புதுப் பெயருக்கும் இல்லை. தோளைத் தொட்டால்தான் திரும்புகிறாள்.

விலை என்ன என்று கேட்டிருக்கிறாய். நான் தரகன். விலை கேட்டவனுக்குச் சொல்லாமல் போனால் என் தொழிலுக்கே இழுக்கு. சொல்கிறேன், கேள்.

உன் அப்பா எஜிஸ்தோ பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தவர் அல்லர், அறிக்கை வெளியிட்டவர். மூத்தவன் நீ வின்திச்சே, பழிவாங்குபவன். அடுத்தவள் ரிபெல்லா, கலகக்காரி. கடைக்குட்டிக்கு அடிமைகளின் தலைவன் பெயர், ஸ்பர்த்தாகோ. ஒவ்வொரு தடவையும் கொல்லுப்பட்டறைக் கரியோடு நகர அலுவலகத்துக்கு ஊர்வலம் போய்ப் பதிந்துவிட்டு வருவார். கோவில் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அவர் மட்டுமா? நம் தெருவில் பாதி வீடு அப்படித்தான். மத்தியானம் தாய்மார்கள் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுவதைக் கேட்டு, வெளியூர்க்காரர்கள் புரட்சி வந்துவிட்டதென்று ரயில் நிலையத்துக்கு ஓடியிருக்கிறார்கள்.

உன் அப்பாவைக் கறுப்புச் சட்டைக்காரர்கள் தடியால் அடித்ததும், வாயைப் பிளந்து விளக்கெண்ணெய் ஊற்றியதும், அந்தக் குளிர்காலத்தை அவர் தாண்டாததும் உனக்குத் தெரியும். எண்ணெய் எந்த மருந்துக்கடையிலிருந்து வந்தது என்பதும் தெரியும். அந்தக் கடைக்காரன் ஒலிந்தோ பக்காரினிதான் இப்போது நம் ஊர்க் கட்சிச் செயலாளர். மார்பில் அவ்வளவு பதக்கம். அவன் நடந்தால் பால்காரன் வந்துவிட்டான் என்று பெண்கள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

போன செப்டம்பரில் ஒலிந்தோ உன் அம்மா வீட்டுக்கு வந்தான். தொப்பியைக் கழற்றினான். அவன் தொப்பியைக் கழற்றினால் நான் பணப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். ஸ்பர்த்தாகோவைப் பற்றிப் பேசத்தான் வந்திருந்தான். மே முதல் நாள், தொழிலாளர் தினத்தை இவர்கள் ஒழித்துவிட்டு வேலை நாளாக்கிய அன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடந்த குற்றத்துக்காக உன் தம்பியைக் கைதிகளின் தீவுக்கு அனுப்பினார்களே, அங்கே அவனுக்கு உடம்பு சரியில்லையாம். அரசுக்குக் கருணை உண்டாம். குடும்பம் ஒரு சின்ன நல்லெண்ணம் காட்டினால் தம்பி வீட்டுக்கு வரலாமாம்.

அந்தச் சின்ன நல்லெண்ணம் இதுதான்: அக்டோபர் இருபத்தெட்டு, அவர்களுடைய பெருநாள். அன்றைக்கு நம் கலகக்காரி ரிபெல்லா, சதுக்கத்துக் கோவிலில் எல்லோர் முன்னாலும் ஞானஸ்நானம் பெற வேண்டும். பெயர் வித்தோரியா, வெற்றி. பிறகு படியில் நின்று கையைத் தூக்கி வணக்கம் செலுத்த வேண்டும். பத்திரிகையிலிருந்து ஆள் வருவார்.

அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். சொன்ன விதத்தை எழுதினால் இந்தக் காகிதம் பற்றி எரியும். ஒலிந்தோ தொப்பியை மாட்டிக்கொண்டு, அவசரமில்லை, யோசியுங்கள் என்று போய்விட்டான்.

அந்த வாரமே தீவிலிருந்து விடுதலையான இமோலா ஊர்க்காரன் ஒருவன் வந்தான். உன் தம்பி இருமினால் தலையணை சிவக்கிறது என்றான். அங்கே மருத்துவர் என்று இருப்பவர் கழுதைக்கு லாடம் கட்டுகிறவர் என்றான். உன் அம்மா அவனுக்குச் சூப் வைத்துக் கொடுத்தாள், கிண்ணத்தைக் கழுவினாள், மறுபடி கழுவினாள். மகளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் அக்கா சொல்லாமல் இருந்ததுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

ரிபெல்லா என்னைத் தேடிச் சந்தைக்கு வந்தாள். மாடுகளுக்கு நடுவில் நின்று கேட்டாள்: “நீங்க சொல்லுங்க மாமா. அப்பா இருந்தா என்ன சொல்வாரு?”

உன் மாமா மாட்டின் பல்லை எண்ணுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். திருப்பிக்கொண்டேன். உன் அப்பா மறுத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அதை எப்படிச் சொல்வது?

அவளே பதில் சொல்லிக்கொண்டாள். “பேரு இல்லாம நாய்கூட பொழச்சுக்குது. நுரையீரல் இல்லாம எது பொழைக்கும்? போய்ச் சொல்லுங்க மாமா, சம்மதம்னு. நான் போய்ச் சொன்னா அவன் மூஞ்சில துப்பிருவேன், எல்லாம் கெட்டுப்போகும்.”

நான் போய்ச் சொன்னேன். ஞானத்தகப்பனாகவும் என்னையே போட்டார்கள். கறுப்புச் சட்டை போட்டுத்தான் வர வேண்டும் என்றான் ஒலிந்தோ. இந்த வயிற்றுக்குச் சட்டை தைத்தால் ஊரில் விதவைகளுக்குத் துணி மிஞ்சாது ஐயா என்றேன். விட்டுவிட்டான்.

அன்றைக்கு மழை. நோவா பார்த்திருந்தால் இன்னொரு கப்பலுக்கு ஆள் எடுத்திருப்பார். சதுக்கத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். ஊர் முழுக்க நின்றது. வராதவர்கள் யார் யார் என்று பார்க்க ஆள் நின்றதால், படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள்கூட எழுந்து வந்திருந்தார்கள். ஒலிந்தோ ஒலிபெருக்கியில் முழங்கினான்: “வித்தோரியா ஸான்ஸி முன்னே வரட்டும்.”

யாரும் அசையவில்லை. நம் ஊரில் பெரியவர்களில் எவனைக் குடும்பப் பெயரோடு கூப்பிட்டிருக்கிறோம்? எல்லோருக்கும் பட்டப்பெயர்தானே. ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உன் தங்கையும் மற்றவர்களைப் போலவே சுற்றும் முற்றும் பார்த்தாள். அது தான்தான் என்று அவளுக்கு உறைக்கவில்லை. அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு நம் விலாங்குக்காரி புறப்பட்டாள். உன் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அத்தை, மீன் சந்தையில் விலாங்கு விற்பவள். உங்கள் ஸான்ஸி குடும்பத்தில் பிறந்த அவளுக்கு வைத்த பெயரும் வித்தோரியா ஸான்ஸியாம், யாருக்குத் தெரியும்? கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அன்றைக்குத்தான் கேட்கிறாள், அதுவும் வானத்திலிருந்து. கையை மேலாடையில் துடைத்துக்கொண்டே படியேறிப் போய் ஒலிந்தோவிடம், “தராசுல நான் கல்லு வெச்சது ஒரே ஒரு தடவதாங்க” என்றாள். ஒலிபெருக்கி அதையும் ஊருக்குச் சொன்னது.

சதுக்கம் சிரித்தது. இத்தனை வருடத்தில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். இத்தனை பேரை எந்தத் தீவுக்கு அனுப்புவது என்று தெரியாமல் ஒலிந்தோ வெளுத்து நின்றான். உன் தங்கை மட்டும் சிரிக்கவில்லை. போய்க் கிழவியின் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, அவள் இடத்தில் நின்றாள்.

உள்ளே பங்குத்தந்தை தோன் கல்லிஸ்தோ தண்ணீரோடு காத்திருந்தார். நல்ல மனிதர், பயந்தவர். ஞானத்தகப்பன் என்பதால் பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் அது கேட்டது. “நெசமா நம்புறியாம்மா?” என்று கேட்டார். “என் தம்பி வருவான்னு நம்புறேன், சாமி” என்றாள். அவர் அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு தண்ணீரை ஊற்றினார்.

வெளியே வந்தார்கள். புகைப்படக்காரர் பெட்டியின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். இப்போது நீ பார்த்த அந்தப் படத்துக்கு வருகிறேன்.

மருமகனே, அந்தக் கை எதற்கு உயர்ந்தது என்பதற்கு நான் பதினொரு கதை தயாரித்து வைத்திருந்தேன். கிழவி வழுக்கி விழப் போனாள், தாங்கிப் பிடித்தாள் என்று ஒன்று. முகத்து மழையைத் துடைத்தாள் என்று ஒன்று. புறா ஒன்று அவள் தலையைக் குறிவைத்தது என்றுகூட ஒன்று உண்டு. அதுதான் எனக்குப் பிடித்தது. உனக்கு எழுதப் போகிறேன் என்று அவளிடம் சொன்னபோது, தோளைத் தொட்டுத்தான் சொன்னேன், அவள் கதைகளையெல்லாம் கேட்டாள். “அண்ணனுக்குப் பொய் எழுதாதீங்க மாமா. கையத் தூக்கினேன். தூக்கினேன்னே எழுதுங்க.”

எழுதிவிட்டேன். தூக்கினாள். பத்திரிகைக்காரர் இன்னொரு படம் வேண்டும் என்றார். இரண்டாவது தடவையும் தூக்கினாள்.

நவம்பரில் ஸ்பர்த்தாகோ வந்தான்.

ஆம், வந்தான். இது உனக்குத் தெரியாது. வீட்டிலிருந்து பிரான்சுக்குப் போகும் கடிதங்கள் பிரிக்கப்படுகின்றன. அதோடு, தன் பெயரைக் கொடுத்து வாங்கிய தம்பி என்று தன் கையாலேயே எழுத அவளுக்குக் கூசியது. அதனால் உனக்குச் சேதி வரவில்லை, படம் மட்டும் வந்தது. ரயிலிலிருந்து அவனை நான்தான் தூக்கி இறக்கினேன். கன்றுக்குட்டிகளைக் கண்ணால் எடைபோடுகிறவன் நான். நனைந்த மேல்சட்டையை யாரோ என் தோளில் போட்டது போல இருந்தான்.

எவருமே அவனிடம் சதுக்கத்தில் நடந்ததைச் சொல்லவில்லை. ஆனால் விடுதலைக்கு ஒரு நிபந்தனை இருந்தது: வீட்டில் பழைய பெயரைப் புழங்கக் கூடாது. புழங்கினால் குடும்பத்தின் நல்லெண்ணம் நடிப்பு என்று ஆகும், அவன் மறுபடி தீவுக்குப் போக வேண்டும். காவல் அதிகாரி அடிக்கடி வந்து தெருவில் நிற்பார். தெற்கத்திக்காரர், மீசை நரைத்தவர், அதிகம் பேசமாட்டார்.

மார்புக்குக் குளிர்ந்த காற்று நல்லது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், உன் தம்பியின் கட்டிலை ஜன்னலோரம் போட்டு, ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தோம். காய்ச்சல் ஏறினால் அவனுக்கு வேண்டியது ஒரே ஆள்தான். நடு மத்தியானத்தில், தெருவே கேட்கிற மாதிரி, “ரிபெல்லா! ரிபெல்லா!” என்று கூப்பிடுவான். அவள் ஆலையில் இருப்பாள். அவன் கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். வாயைப் பொத்தினால் மூச்சு முட்டும். ஜன்னலை மூடினால் இன்னும் முட்டும்.

முதல் தடவை அப்படி அவன் கூப்பிட்டபோது காவல் அதிகாரி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுத் தச்சன் மனைவி பார்த்தாள். உடனே ஒரு செப்புப் பாத்திரத்தை எடுத்துக் கரண்டியால் அடிக்க ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு எதற்கென்று புரியவில்லை. ஆனால் அவளும் அடித்தாள். தச்சன் பலகையே இல்லாத இடத்தில் ஆணி அறைந்தான். யாரோ பன்றியின் வாலை முறுக்கினார்கள். நான் ஜன்னலுக்கு நேர்கீழே நின்றுகொண்டு மாடு விற்றேன்.

மாடு இல்லை. வாங்குகிறவனும் இல்லை. வண்டிக்காரன் ஒருவனைப் பிடித்து நிறுத்தி, பேரம் படிய வைக்கும் வழக்கப்படி அவன் கையை என் கையால் ஓங்கி ஓங்கி அறைந்து, உலகம் தோன்றிய நாளிலிருந்து எந்தத் தரகனும் கத்தாத கத்தல் கத்தினேன். அந்தக் காளையின் கொம்பில் தூக்கணாங்குருவி கூடு கட்டியிருப்பதாகச் சொன்னேன். அது தும்மினால் வெனிஸில் படகு கவிழும் என்றேன். தலைக்கு மேலே அவன் கூப்பிடுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் இன்னும் கத்தினேன். என் தொண்டையில் அன்றைக்கு ஏதோ கிழிந்தது, இன்றுவரை சரியாகவில்லை.

காவல் அதிகாரி வந்து நின்றார். மேலே ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாடு எங்கே என்று கேட்டார்.

“இன்னும் பொறக்கலைங்க. முன்கூட்டியே பேசி வெச்சுக்கிறோம்.”

அவர் குறிப்பேட்டை மூடிப் பையில் வைத்தார். “நாளைக்கும் இதே நேரத்துக்கு வருவேன். மாட்டப் பேசி முடிச்சுராதீங்க” என்று சொல்லிவிட்டு நடந்தார். அதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்வதா, வேறெப்படி எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. டிசம்பரும் ஜனவரியும் நம் தெரு மத்தியானத்தில் அப்படித்தான் இருந்தது. அந்தக் காளையை நான் விற்காத நாளில்லை.

இந்தச் சத்தத்தையெல்லாம் மேலே படுத்திருந்தவன் கேட்கமாட்டானா? ஒரு நாள் காய்ச்சல் இறங்கியிருந்தபோது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். நான் வாசற்படியில் இருந்தேன்.

“மாமா எதுக்குத் தெனமும் கத்துறாரு? உன்ன வெளிய என்னன்னு கூப்பிடுறாங்க?”

அவள் சொன்னாள். சதுக்கம், மழை, கை, எல்லாம். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அன்றைக்கு முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை, அவளைப் பார்க்கவும் இல்லை. அப்பாவின் பிள்ளைதானே. நீயும் அவனும் ஒரே அச்சு. உன் அட்டை பிற்பாடு வந்தபோது எனக்கு அந்தச் சுவர்ப் பக்கம்தான் ஞாபகம் வந்தது.

மறுநாள் மத்தியானம் அதிகாரி தெருவில் வந்தார். தச்சன் மனைவி பாத்திரத்தை எடுத்துவிட்டாள், நான் கையை ஓங்கிவிட்டேன். ஜன்னலிலிருந்து குரல் வந்தது, தெளிவாக, தெருவுக்கே கேட்கும்படி.

“வித்தோரியா. அக்கா வித்தோரியா. கொஞ்சம் தண்ணி குடு.”

யாரும் பாத்திரத்தை அடிக்கவில்லை. அன்றைக்கு ஆலை விடுமுறை, அவள் வீட்டில்தான் இருந்தாள். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். உன் அம்மா மேலாடை நுனியை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவன் அக்காவை வேறு பெயரால் கூப்பிடவே இல்லை. ஆள் இல்லாதபோதுகூட. எதற்குடா என்று நான் கேட்டேன். “அவ அத எனக்காக வாங்கிட்டு வந்தா மாமா. நான் போட்டுப் பாக்க வேணாமா?” என்றான்.

பிப்ரவரியில், வெயில் நன்றாக அடித்த ஒரு காலையில், சொந்தக் கட்டிலில், அம்மாவின் கை நெற்றியில் இருக்க, உன் தம்பி போய்விட்டான்.

இதை இத்தனை பக்கம் தள்ளி எழுதியதற்கு என்னைத் திட்டு. தந்தி அடிக்கக் கூடாது என்று தடுத்தது உன் அம்மா. தந்தி கண்டால் நீ மலையேறி ஓடி வருவாய். எல்லையில் உன்னைப் பிடிக்க ஒலிந்தோ ஆள் சொல்லி வைத்திருக்கிறான். இரண்டு பிள்ளைகளை ஒரே மாதத்தில் கொடுக்க முடியாது என்றாள். அடக்கத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் கூடாது என்று உத்தரவு. நாங்கள் எட்டுப் பேர்தான் போனோம். வழி நெடுக ஊரே ஏதோ வேலையாய் நின்றுகொண்டிருந்தது. சக்கரம் கழற்றுகிறவர்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர்கள், பிப்ரவரி மாதத்தில் திராட்சை பறிக்கிறவர்கள். பெட்டி பக்கத்தில் வந்தபோது எல்லோருக்கும் தலை அரித்து, எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். அடுத்த வாரம் உன் அட்டை வந்தது.

விலை கேட்டாய், சொல்லிவிட்டேன். மூன்று மாதம். தீவில் செத்திருக்க வேண்டியவன் மூன்று மாதம் அம்மா சூப் குடித்தான். இந்த வியாபாரத்தில் உன் தங்கை ஏமாந்தாளா, இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இதை நிறுக்கும் தராசு என்னிடம் இல்லை. உன்னிடம் இருக்கிறதா, யோசித்துப் பார்.

இப்போது வீட்டில் அவளும் அம்மாவும்தான். அவள் ஆலைக்குப் போகிறாள், பட்டுக்கூடு அவிக்கும் கொதிநீரில் கை வெந்து வருகிறாள், பேசுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வருகிறாள், வின்திச்சே. நான் மிகைப்படுத்துகிறவன், எல்லோருக்கும் தெரியும். இதை மிகைப்படுத்தவில்லை. ஒரு தம்பியை மண்ணில் வைத்துவிட்டாள், அண்ணன் அட்டையில் இல்லை என்று எழுதிவிட்டான். யாருக்காகத் திரும்பிப் பார்ப்பாள்?

அவளுக்கு ஒரு கடிதம் எழுது. தபாலில் அனுப்பு, எல்லோரும் பார்க்கட்டும். உறையின் மேல் அந்தப் பெயரை எழுதினால்தான் தபால்காரர் கொடுப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு எழுது. செத்துக்கொண்டிருந்தவன் வாயால் சொன்னதை, உயிரோடு இருக்கிற நீ கையால் எழுதக் கூடாதா? உள்ளே பெயரே வேண்டாம். அவர்கள் பிரித்துப் படிப்பார்கள், படிக்கட்டும். “தங்கச்சி” என்று தொடங்கு. அதற்கு மாற்றுப் பெயர் வைக்க ஒலிந்தோவுக்கு இன்னும் உத்தரவு வரவில்லை. அப்புறம் என்ன எழுதுவதென்று தெரியாவிட்டால் லியோனில் மழையா வெயிலா என்று எழுது, போதும்.

நீ இருக்கும் ஊரில், நடுத்தெருவில், யாராவது உன்னை உன் அப்பா வைத்த பெயரால் உரக்கக் கூப்பிடட்டும். நீ பயமில்லாமல் திரும்பிப் பார்க்கும்படி நல்லபடியாக இரு.

உன் நலம் ஒன்றையே வேண்டும்,
தொண்டை கட்டிய மாமா,
செத்திமியோ.